காப்பகத்திலிருந்து நாயோ பூனையோ தத்தெடுக்கப் போகிறீர்களா? கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

காப்பகத்துக்குப் போனோம், ஒன்றைப் பார்த்தோம், பிடித்துப்போனது, கூட்டி வந்தோம் என்று தத்தெடுப்பு முடிந்துவிடுவதில்லை. விண்ணப்பம், வீட்டைப் பார்வையிட வருகிறவர்கள், மருத்துவக் காகிதங்கள், வீட்டுக்காரரின் சம்மதம், முதல் வாரத்து வயிற்றுப்போக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். எங்கள் வீட்டுக்குச் சிட்டு என்ற நாய் வந்தபோது இதையெல்லாம் முன்கூட்டியே எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொன்றையும் முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டோம். நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். நாய், பூனை இரண்டுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். வேறுபடும் இடங்களைத் தனியாகச் சொல்கிறேன்.

ஒரு வீட்டுக்குப் போன விலங்கு சில வாரங்களில் காப்பகத்துக்கே திரும்பி வந்தால், அடுத்த வீடு கிடைப்பது அதற்கு இன்னும் கடினம். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே அந்தத் திரும்பல் நடக்காமல் இருப்பதற்காகத்தான்.

1. வீட்டில் பேசி முடியுங்கள்

வீட்டில் ஒருவருக்கு மனமில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 'வந்தால் சரியாகிவிடுவார்' என்ற நம்பிக்கையில் கூட்டி வராதீர்கள். நாய் சராசரியாக 10 முதல் 13 ஆண்டுகள் வாழும். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை 15 ஆண்டுகளைத் தாண்டுவது சாதாரணம். அத்தனை காலமும் காலை நடைக்கு யார், வெளியூர் போனால் யார், மருத்துவரிடம் யார் என்பதற்குப் பெயர் சொல்லிப் பதில் இருக்க வேண்டும். பொறுப்பை ஒரு குழந்தையின் பெயரில் எழுதாதீர்கள். குழந்தை உதவலாம், பெரியவர் ஒருவர்தான் பொறுப்பேற்க வேண்டும்.

வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக 'பரவாயில்லை, வளர்த்துக்கோங்க' என்று சொன்னவர், பக்கத்து வீட்டிலிருந்து ஒரு புகார் வந்ததும் மாறிவிடுவது உண்டு. குறுஞ்செய்தியாக இருந்தாலும் போதும், அழித்துவிடாமல் வைத்திருங்கள். அடுக்குமாடி என்றால் அங்கே எழுதி வைத்திருக்கும் விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

2. செலவைக் காகிதத்தில் எழுதுங்கள்

பல காப்பகங்கள் தத்தெடுப்புக் கட்டணம் வாங்கும். சில வாங்காது. அந்தக் கட்டணத்தில் எதெல்லாம் அடங்கும் என்று கேளுங்கள்: தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை, மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்). இவற்றையெல்லாம் நீங்களே தனித்தனியாகச் செய்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால், கட்டணம் அநேகமாகக் குறைவாகத்தான் இருக்கும். 'இலவசம்' என்று கிடைக்கும் குட்டிக்குப் பெரும்பாலும் இவை எதுவுமே நடந்திருக்காது. அப்படியென்றால் அந்தச் செலவு முழுவதும் உங்கள் தலையில்தான் விழும்.

பலரும் கணக்கில் சேர்க்காமல் விடுவது இவற்றைத்தான்:

- முதல் மாதத்துச் சாமான்கள். கழுத்துப்பட்டை, ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை), கயிறு, இரண்டு கிண்ணம், படுக்கை. பூனைக்கு மணல் தட்டு, மணல், தூக்கிச் செல்லும் கூடை.
- முதல் வாரத்துப் பரிசோதனை. காப்பகத்தில் மருத்துவம் பார்த்திருந்தாலும் உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டியாக வேண்டும்.
- வருடத் தடுப்பூசியும், உண்ணி, தெள்ளுப்பூச்சி மருந்தும்.
- அவசரத்துக்கென்று தனியாக ஒரு தொகை. நள்ளிரவில் வாந்தி எடுக்கும் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது பணம் இருக்கிறதா என்று யோசிக்கும் நிலை வரக் கூடாது. மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வையுங்கள், அதைத் தொடாதீர்கள்.

3. கையில் கொண்டுபோக வேண்டியவை

புகைப்பட அடையாள அட்டை, முகவரிச் சான்று, வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம், வீட்டில் ஏற்கனவே விலங்கு இருந்தால் அதன் தடுப்பூசி அட்டை. எல்லாவற்றிலும் ஒரு நகல். இதோடு உங்கள் வீட்டின் சில படங்களையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள்: பால்கனி, ஜன்னல் வலை, வெளிக்கதவு. வீட்டைப் பார்க்க நேரில் வர முடியாதபோது இந்தப் படங்களையே கேட்பார்கள்.

விண்ணப்பத்தில் 'ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும்?' என்றொரு கேள்வி வரும். நல்ல பெயர் வாங்குவதற்காகக் குறைத்து எழுதாதீர்கள். எட்டு மணி நேரம் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஒத்துப்போகும் விலங்குகளும் காப்பகத்தில் உண்டு. உண்மையைச் சொன்னால்தான் அவர்களால் அதைக் காட்ட முடியும்.

4. பராமரிப்பாளரிடம் பேசுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் வாங்குபவரோடு பேச்சை முடித்துக்கொள்ளாமல், கூண்டைக் கழுவி, தினமும் சோறு வைக்கும் மனிதரைத் தேடிப் போய்ப் பேசுங்கள். எந்த விலங்கு எப்படிப்பட்டது என்று அவருக்குத்தான் தெரியும்.

கூட்டம் நிறைந்த விடுமுறை நாளில் போனால் இது நடக்காது. வாரநாளில், சோறு வைத்துக் கொஞ்சம் அடங்கியிருக்கும் நேரமாகக் கேட்டுக்கொண்டு போங்கள். வரிசையாகக் கூண்டுகள், எங்கும் குரைப்பு, புது ஆட்கள் என்றிருக்கும் சூழலில் ஒரு நாய் நடந்துகொள்வதை வைத்து, வீட்டில் எப்படி இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. கம்பியில் மோதிக் குரைப்பது வீட்டில் சாதுவாகப் படுத்திருக்கலாம். மூலையில் ஒடுங்கியிருப்பது சோம்பேறியாகவோ நோயாளியாகவோ இருக்க வேண்டும் என்பதில்லை, பயந்து போயிருக்கலாம்.

சிட்டு அப்படித்தான் இருந்தாள். நாங்கள் பார்க்கும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு காது மட்டும் லேசாகத் திரும்பும், உடம்பு அசையாது. தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாதான், "பகல்ல அப்படித்தாங்க நிப்பா. சாயந்திரம் சனம் போனப்புறம் நான் உக்காந்தா வந்து என் கால் மேல தலையை வெச்சுத் தூங்குவா" என்றார். விண்ணப்பப் படிவத்தில் அவளைப் பற்றி இருந்தது வயதும் நிறமும்தான்.

அவரிடம் கேட்க வேண்டியவை: சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுமா? மற்ற நாய்களோடு விட்டிருக்கிறார்களா? பூனையைக் கண்டால் என்ன செய்யும்? குழந்தைகள் வந்து போயிருக்கிறார்களா? ஏற்கனவே ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்ததா, என்ன காரணம்? எந்த இடத்தைத் தொட்டால் பிடிக்காது?

பிறகு, விலங்கோடு தனியாக ஓரிடத்தில் உட்காரக் கேளுங்கள். குனிந்து தலையைத் தடவப் போகாதீர்கள். பக்கவாட்டில் உட்கார்ந்து, அதுவாக வரட்டும் என்று காத்திருங்கள். தூக்கம் வராதபோது கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலை உள்ளே இழுத்துக்கொள்வது எல்லாம் 'எனக்குக் கஷ்டமாக இருக்கிறது' என்பதற்கான அடையாளங்கள். பூனை உங்களைப் பார்த்து மெதுவாகக் கண் மூடித் திறந்தால் நல்ல சகுனம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். முடிந்தால் இன்னொரு நாளும் போய்ப் பாருங்கள். வீட்டில் எல்லாரும் ஒருமுறையாவது வந்து பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

5. குட்டிதான் வேண்டும் என்பதை மறுபடி யோசியுங்கள்

முதல்முறை வளர்ப்பவர்களுக்கு இரண்டு மூன்று வயதானதைத்தான் நான் சொல்வேன். அதன் உருவம், குணம், சுறுசுறுப்பு எல்லாம் கண்ணெதிரே தெரிந்துவிடும். குட்டி எவ்வளவு பெரிதாகும், எப்படிப்பட்டதாகும் என்பது ஊகம்தான். தவிர, குட்டிக்கு நாளெல்லாம் ஆள் வேண்டும். இரவில் எழுந்து வெளியே கூட்டிப் போக வேண்டும், தடுப்பூசிக்குத் திரும்பத் திரும்ப ஓட வேண்டும். வளர்ந்தது பழகாது என்று சொல்வதைக் கேட்காதீர்கள்; பழகும். வயதானவை, ஒரு கண் இல்லாதவை, மூன்று காலில் நடப்பவை காப்பகத்தில் நீண்ட நாள் காத்துக் கிடக்கின்றன. மூன்று காலில் நடக்கும் நாய்கள் பெரும்பாலும் ஓடுவதிலும் விளையாடுவதிலும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கும். ஒருமுறையாவது அவற்றையும் பாருங்கள்.

குட்டிதான் என்று முடிவெடுத்துவிட்டால், 8 வாரம் ஆகாததைக் கூட்டி வராதீர்கள். தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்கும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது.

6. கையெழுத்துப் போடும் முன் வாங்க வேண்டிய காகிதங்கள்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சந்தோஷத்தில் கோட்டை விடுகிறார்கள். ஒரு காப்பகத்தில் எங்களிடம் 'எல்லா ஊசியும் போட்டாச்சு' என்று சொன்னார்கள்; அட்டையைக் கேட்டால் அப்புறம் தருகிறோம் என்றார்கள். அந்த அட்டை கடைசிவரை வரவில்லை. எழுத்தில் எதுவும் இல்லாததால் மருத்துவர் எல்லாத் தடுப்பூசிகளையும் முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. விலங்கும் காகிதமும் ஒரே நாளில் கைக்கு வர வேண்டும்.

தடுப்பூசி அட்டை: ஒவ்வொரு ஊசிக்கும் தேதி, மருந்துக் குப்பியில் இருந்து எடுத்து ஒட்டிய ஸ்டிக்கர், மருத்துவரின் கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். நாய்க்கு ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்), டிஸ்டெம்பர், பார்வோ (இவை இரண்டும் உயிரைப் பறிக்கக்கூடிய வைரஸ் நோய்கள்) மூன்றுக்கும் ஊசி முக்கியம். குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 2 முதல் 4 வார இடைவெளியில் ஊசி போடுவார்கள். ரேபிஸ் ஊசி பொதுவாக 3 மாதத்தில். எத்தனையாவது ஊசி முடிந்தது, அடுத்தது எந்தத் தேதி என்பதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

கருத்தடைச் சான்று: நடந்திருந்தால் தேதியோடு வாங்குங்கள். குட்டி என்றால் எந்த மாதத்துக்குள் செய்ய வேண்டும், செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். பூனைக்குத் தாமதம் கூடாது. 4 மாத வயதிலேயே கருத்தரித்துவிட முடியும். கருத்தடை செய்த ஆண் விலங்கும் அதன்பின் சில வாரங்களுக்குக் கருத்தரிக்கச் செய்யக்கூடும் என்பதால், வீட்டில் கருத்தடை செய்யாத பெண் இருந்தால் அதுவரை பிரித்து வையுங்கள்.

மைக்ரோசிப் எண்: அரிசி அளவுள்ள அந்தச் சிப் தோலுக்கடியில் இருக்கும். பெரும்பாலும் 15 இலக்க எண். அதில் பேட்டரி இல்லை, விலங்கு எங்கே இருக்கிறது என்று அது காட்டாது; ஸ்கேனர் வைத்தால் எண்ணை மட்டும் சொல்லும். அந்த எண்ணுக்கு எதிரே பதிவில் உங்கள் பெயரும் தொலைபேசியும் இல்லாவிட்டால் சிப் இருந்தும் பயனில்லை. பெயர் மாற்றத்தை அன்றே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

மருத்துவ வரலாறு: என்ன நோய் வந்தது, என்ன மருந்து ஓடுகிறது, இரத்தப் பரிசோதனை எடுத்திருக்கிறார்களா. நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் பற்றியும், பூனைக்கு எஃப்ஐவி, லுகீமியா வைரஸ் (இரண்டும் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைப்பவை) பரிசோதனை பற்றியும் கேளுங்கள். சிறு குட்டிப் பூனைக்கு எஃப்ஐவி இருப்பதாக முடிவு வந்தால் மனம் தளர வேண்டாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளாலும் அப்படி வரும், 6 மாதத்துக்குப் பின் மறுபடி பார்க்க வேண்டும்.

ஒப்பந்தம்: முழுதும் படியுங்கள். விலங்கைத் திருப்பித் தர நேர்ந்தால் என்ன நடைமுறை, கட்டிய பணம் என்னாகும், பின்னால் வந்து பார்ப்பார்களா என்பவை முக்கியம்.

பணம் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. விலங்கை நேரில் காட்டாமல், படம் மட்டும் அனுப்பி 'வண்டிச் செலவு அனுப்புங்கள், கொண்டு வந்து விடுகிறோம்' என்பவர்களுக்கு ஒரு காசு கொடுக்காதீர்கள். நேரில் பாருங்கள், ரசீது வாங்குங்கள்.

7. கூட்டி வரும் நாள்

தொடர்ந்து இரண்டு மூன்று நாள் நீங்கள் வீட்டில் இருக்கும்படி நாளைத் தேர்ந்தெடுங்கள். விருந்தாளிகள், விசேஷம், வெடிச்சத்தம், வீடு மாறுவது எதுவும் அந்த வாரத்தில் வேண்டாம்.

காப்பகத்தில் என்ன உணவு கொடுத்தார்களோ அதையே கொஞ்சம் வாங்கி வாருங்கள். உங்கள் உணவுக்கு 7 முதல் 10 நாளில் மெல்ல மாற்றுங்கள்: முதலில் கால் பங்கு, பிறகு பாதி, பிறகு முக்கால். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்குதான். அது படுத்த துணியையும் கேட்டு வாங்குங்கள்; பழகிய வாசனை ஒன்று புது வீட்டில் இருக்கட்டும்.

நாய் தப்பி ஓடுவது வண்டிக் கதவுக்கும் வீட்டு வாசலுக்கும் இடையிலேதான் எளிதாக நடக்கும். கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாதீர்கள். பயந்த நாய் பின்வாங்கித் தலையை உருவிக்கொள்ளும். ஹார்னஸிலும் கழுத்துப்பட்டையிலும் தனித்தனிக் கயிறு மாட்டி, வண்டிக் கதவைத் திறக்கும் முன் கையில் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். பூனையைக் கையில் தூக்கி வரவே கூடாது, மூடிய கூடைதான்.

வீட்டில் எட்டாத இடத்துக்குப் போக வேண்டியவை: சாக்லேட், திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பூட்டி) சேர்த்த இனிப்புகள், எல்லா மாத்திரைகளும். பூனைக்குப் பாராசிட்டமால் உயிரைக் குடிக்கும். லில்லிச் செடி சிறுநீரகத்தை அழிக்கும். நாய்க்கு விற்கும் உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்தவை உண்டு. அவற்றைப் பூனைக்குப் போட்டால் வலிப்பு வந்து இறந்துபோகலாம். வீட்டில் இரண்டும் இருந்தால் மருந்தின் டப்பாவை மருத்துவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

8. மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்

காப்பகத்தில் வேலை செய்பவர்கள் அடிக்கடி சொல்லும் கணக்கு இது. ஏறக்குறையத்தான், ஆனால் உதவும்.

முதல் மூன்று நாள் அது தூங்கும், ஒளியும், சாப்பிடாது, அல்லது விடாமல் சுற்றும். குளிப்பாட்டாதீர்கள், உறவினர்களைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள், கட்டிப்பிடிக்காதீர்கள். ஓர் அறை, தண்ணீர், உணவு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி போதும். இரவில் அழுதால் நீங்கள் படுக்கும் இடத்துக்கருகிலேயே அதன் படுக்கையைப் போடுங்கள். பூனை கட்டிலுக்கடியில் இருந்தால் இழுக்காதீர்கள். ஆனால் 24 மணி நேரம் எதுவுமே சாப்பிடவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள். பூனை நாள்கணக்கில் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து ஆபத்தாகிவிடும்.

மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்கள் அதற்குப் பிடிபடும். 'முதலில் சாதுவாக இருந்தது, இப்போது குரைக்கிறது, செருப்பைக் கடிக்கிறது' என்று பலரும் பயப்படுவது இந்தக் கட்டத்தில்தான். திருப்பிக் கொடுக்கும் எண்ணமும் இப்போதுதான் வரும். பயம் தெளிந்து அதன் இயல்பு வெளியே வருகிறது, அவ்வளவுதான். அடிக்காதீர்கள், சத்தம் போடாதீர்கள். சரியாகச் செய்யும்போது உடனே தின்பண்டம் கொடுங்கள். தப்பு செய்ய வாய்ப்பே இல்லாதபடி செருப்பை எடுத்து உள்ளே வையுங்கள். கிண்ணத்தில் இருக்கும்போது உணவைப் பிடுங்கிச் சோதிக்காதீர்கள்.

மூன்று மாதத்தில் பெரும்பாலானவை வீட்டோடு ஒன்றிவிடும். சிலவற்றுக்கு இன்னும் நாளாகும்.

9. வீட்டில் ஏற்கனவே ஒன்று இருந்தால்

வந்ததும் மூக்கோடு மூக்கு சேர்க்காதீர்கள். குறைந்தது 14 நாள் தனி அறை, தனிக் கிண்ணம், தொட்டபின் கைகழுவல். பார்வோ போன்ற நோய்களின் அறிகுறி தொற்றிய பல நாள் கழித்துத்தான் தெரியும். முன்பு வீட்டில் பார்வோவில் ஒரு நாய் இறந்திருந்தால், தடுப்பூசி முடியாத குட்டியைக் கொண்டு வரவே வேண்டாம். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

பிறகு நாய்களை வீட்டுக்கு வெளியே, பொது இடத்தில், இருபுறமும் கயிற்றோடு இணையாக நடக்கவிட்டு அறிமுகம் செய்யுங்கள். பூனைகளுக்கு முதலில் வாசனை: ஒன்றின் துணியை மற்றதன் அறையில் வைப்பது, மூடிய கதவின் இருபுறமும் சாப்பிட வைப்பது, அப்புறம் கதவிடுக்கு. இதற்கு வாரங்கள் ஆகும், ஆகட்டும்.

10. ஒத்துவரவில்லை என்றால்

முதலில் காப்பகத்துக்குப் போன் செய்யுங்கள். பல சிக்கல்கள் பேசினாலே தீரும். அப்படியும் முடியாவிட்டால் ஒப்பந்தப்படி காப்பகத்திடமே திருப்பிக் கொடுங்கள். தெரியாத ஆளிடம் கொடுப்பதும் தெருவில் விடுவதும் கூடவே கூடாது. வீட்டுச் சோற்றுக்குப் பழகியது வெளியே பிழைப்பது கடினம். திருப்பும்போது வீட்டில் கவனித்ததையெல்லாம் எழுதிக் கொடுங்கள். அடுத்த வீட்டைச் சரியாகத் தேர்ந்தெடுக்க அந்தக் குறிப்பு உதவும்.

11. தத்தெடுக்க முடியாதவர்களுக்கு

சூழ்நிலை இடம் தராவிட்டாலும் செய்ய நிறைய இருக்கிறது. சில வாரங்களுக்குத் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பராமரிக்கலாம். உணவும் மருந்தும் யார் பொறுப்பு என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள். அதுகூட முடியாதென்றால் ஒரு மாலை போய்ப் படம் எடுத்துக் கொடுங்கள். காத்திருக்கும் விலங்கை வீடு தேடுபவர்களின் கண்ணில் பட வைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

கூண்டுக் கம்பிக்குப் பின்னால் எடுத்த படத்தில் எந்த நாயும் சோகமாகத்தான் தெரியும். வெளியே கூட்டி வந்து, பகல் வெளிச்சத்தில், அதன் கண் உயரத்துக்கு நீங்கள் குனிந்து எடுங்கள். கறுப்பு நிற விலங்கை நிழலில், வெளிர் நிறப் பின்னணியில் எடுத்தால் முகம் தெளிவாக வரும். கூடவே ஒரு சின்ன வீடியோ: நடப்பது, பந்து எடுப்பது, பராமரிப்பாளர் மடியில் படுத்திருப்பது. அதன்கீழ் பெயர், வயது, எடை, கருத்தடை ஆனதா, குழந்தைகளோடும் மற்ற விலங்குகளோடும் எப்படி என்று எழுதுங்கள். 'காப்பாற்றுங்கள், இல்லாவிட்டால் செத்துவிடும்' என்று எழுதினால் பரிதாபப்பட்டு வருவார்கள். பரிதாபம் மூன்றாவது வாரம்வரை தாங்காது. அதன் குறையை மறைக்காமல், அதற்கு எப்படிப்பட்ட வீடு ஒத்துவரும் என்றும் எழுதுங்கள். 'இடிச்சத்தத்துக்குப் பயப்படுவான், அப்போது கூட ஓர் ஆள் இருந்தால் போதும்' என்று படித்துவிட்டு வருபவர் தயாராக வருவார்.

தத்துப் போனதும் அந்தப் பதிவில் 'வீடு கிடைத்துவிட்டது' என்று மறக்காமல் சேர்த்துவிடுங்கள். பழைய படத்தைப் பார்த்து மாதக்கணக்கில் போன் வரும். வந்தால் 'போயிடுச்சுங்க' என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். அதே வயதில், அதே குணத்தில் இன்னும் காத்திருக்கும் ஒன்றின் படத்தை அவருக்கு அனுப்புங்கள்.